திருடு போன விலாசம்

காலை 11.20.

"பெட்டியைக் கீழே வைங்க, அக்கா!"

கீதாஞ்சலி கத்திக்கொண்டே சாலையின் குறுக்கே ஓடினாள். ஆட்டோ ஒன்று அவள் முழங்கையை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் பெங்காலியில் வைத வசவில் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து ஸ்டூடியோ வாசலுக்குப் போகும் சந்து. அதன் முனையில் 'கோமதி டிபன்'. கடையின் முதலாளி கோமதி, ஐம்பத்து மூன்று வயது, ஒரு பச்சை டிரங்குப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தாள். தெருவில் வீசுவதற்கு.

பெட்டி சமையல்காரர் மூக்கையாவுடையது. அவர் கையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். கல்லில் ஒரு தோசை கருகிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் அவர் கல்லில் கருகிய முதல் தோசை.

"விடு என்னை! இவரு திருடிட்டாரு கீதா!"

"என்னத்தை?"

"கடையை!"

கீதாஞ்சலி அண்ணாந்து பார்த்தாள். போர்டு இருந்தது. நாலு பெஞ்சு இருந்தது. ஆவி பறக்கும் இட்லிப் பானை இருந்தது.

"கடை இங்கதானே இருக்கு?"

"இங்க இருக்கு. போன்ல இல்ல. போன்ல என் கடை அஞ்சு கிலோமீட்டர் தள்ளி பெஹாலாவுக்குப் போயிட்டு!"

கீதாஞ்சலி பெட்டியைப் பிடுங்கி பெஞ்சின் அடியில் தள்ளினாள். அதன் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு வேலை சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில். எங்கேயோ போகவேண்டிய சரக்கு வேகன் எந்தத் தண்டவாளத்தில் வழி தவறி நிற்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. புதன்கிழமை என்றால் கோமதி கடை இட்லி. மற்ற நாள்களில் அவளை இந்தப் பக்கம் பார்க்க முடியாது.

"வேகன் ஒண்ணைக் காணோம்னா, அது காத்துல கரைஞ்சிருக்காது. யாரோ தண்டவாளப் பாயிண்ட்டைத் திருப்பிவிட்டிருப்பாங்க," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க. யார் முதல்ல பார்த்தது?"

"நந்திதா."

நந்திதா பக்கத்து ஸ்டூடியோவில் தயாரிப்பு மேலாளர். புதிதாகத் தொடங்கும் தொடருக்குத் தொண்ணூறு நாள் படப்பிடிப்பு. தினமும் நூற்று அறுபது பேருக்குச் சாப்பாடு. கோமதிக்குத்தான் தருவதாக வாய்வார்த்தையில் முடிந்திருந்தது. காலை பதினொரு மணிக்கு நந்திதா போன் செய்தாள். தீதி, உங்க கடை பெஹாலாவுக்கு மாறிட்டதா சொல்லவே இல்லையே? சமையலறை ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், அது மும்பை ஆபீஸோட விதி. அவங்க வரைபடத்துல பார்த்து உங்க பேரை அடிச்சிட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிவு. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க.

அஞ்சு மணி. அந்த ஆர்டர் கை விட்டுப் போனால் கடையும் போய்விடும். ஏனென்றால் ஒன்பது நாளாய்ப் புது முகமே கடைக்கு வரவில்லை. துர்கா பூஜை நெருங்கும் சமயம், கூட்டம் எல்லாம் துணிக்கடைக்குப் போகிறது என்று கோமதி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

"மாத்தினது மூக்கையாண்ணன்னு எப்படித் தெரியும்?"

"அதை நான் சொல்றேன், கீதா தீதி."

கல்லாவிலிருந்து எழுந்து வந்தான் ஜெய்ராம். கோமதியின் கணவருடைய அண்ணன் மகன். கொல்கத்தாவில் பிறந்து, கொல்கத்தாவிலேயே படித்தவன். எட்டு வருஷமாய்க் கல்லா, ஆர்டர், இணையம் எல்லாம் அவன் பொறுப்பு. கடையின் இணையக் கணக்கில் நுழைந்த போன்களின் பட்டியலைத் திறந்து காட்டினான்.

"சித்தியோட போன். கல்லா டேப்லெட். அப்புறம் மூணாவதா ஒண்ணு, பாருங்க. மூக்கையாண்ணன் போன். போன வாரத்துக்கு முந்தின வாரம் இல்ல, போன வாரம் திங்கட்கிழமை, மத்தியானம் மூணு இருபத்தஞ்சு. அதே நேரத்துலதான் விலாசம் மாறியிருக்கு."

"ஒன்பது நாளாச்சு."

"ஆமா. சரி, அவர் போன்ல என்னதான் தேடியிருக்கார்னு திறந்து பார்த்தேன். மூணு வரி. பெங்காலில அடிச்சிருக்கார். படிக்கிறேன். 'பெஹாலாவில் சமையலறை வாடகைக்கு.' 'வரைபடத்தில் கடை விலாசம் மாற்றுவது எப்படி.' 'நாற்பது லிட்டர் கிரைண்டர்.' போதுமா?"

"பெங்காலில எதுக்கு அடிக்கணும்?"

கோமதி குறுக்கே புகுந்தாள். "இவருக்கா பெங்காலி தெரியாது? காய் மார்க்கெட்டுல தெனமும் பெங்காலியிலதான் சண்டை போடுதாரு. கத்திரிக்காக்காரன் இவரைக் கண்டா எந்திரிச்சு ஓடுதான்!"

எல்லோரும் மூக்கையாவைப் பார்த்தார்கள்.

"நான் செய்யலை," என்றார் மூக்கையா. உசிலம்பட்டிக் குரல். உரலில் விழுந்த உலக்கை மாதிரி. "அதுக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. பெட்டியைத் தூக்கி எறியுங்க. நான் இந்த அடுப்பை விட்டு நகர மாட்டேன். போலீசைக் கூப்புடுறதுன்டா கூப்புடுங்க."

"திமிரைப் பாரு!"

"திமிருதான், தங்கச்சி."

கீதாஞ்சலி கையை நீட்டினாள். "உங்க போனைக் குடுங்கண்ணே."

பூட்டு இல்லாத போன். தொட்டதும் திறந்தது. அவள் ஜெய்ராம் சொன்ன மூன்று வரிகளைப் பார்த்தாள். அவற்றுக்கு முந்தைய தேடல்களைப் பார்த்தாள். பிறகு தொலைபேசி எண்களின் பட்டியலைத் திறந்தாள். தேங்காய்க் கடைக்கு ஒரு தேங்காய்ப் படம். கேஸ்காரருக்கு சிலிண்டர் படம். கோமதிக்குக் கோமதியின் முகம், ஏதோ கல்யாணத்தில் முறைத்துக்கொண்டிருந்தபோது எடுத்தது.

அவளுடைய விரல் நின்றது. மூக்கையாவை ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார்.

அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

காலை 11.45.

"மூணுலேர்ந்து நாலு வரைக்கும் நீங்க எங்க இருப்பீங்கண்ணே?"

"மாவு மூட்டை மேல. தூக்கம்."

"போன்?"

"கல்லாப் பக்கத்துல சார்ஜுல கெடக்கும். அந்தப் போனுக்கு ஒன்பது நாளாப் பைத்தியம் வேற புடிச்சிருச்சு. நல்ல கும்மிப் பாட்டாப் போடுன்டு கேட்டா, பெங்காலியில என்னமோ ஓடுது. வீடு வாடகைக்குன்டு ஒரு பொம்பளை சிரிக்கிறா. யாருக்கு வேணும் வீடு?"

"கல்லாவுல யாரு?"

"நான்தான்," என்றான் ஜெய்ராம். "ஆனா மூணு மணிக்கு நான் டீக்குப் போயிடுவேன். அன்னிக்கு கல்லாப் பக்கத்துல உட்கார்ந்திருந்தது இவர்."

அவன் கை காட்டிய மூலையில் ஒருவன் காப்பி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் லேப்டாப். பெயர் ரமணன். வெப் மார்க்கெட்டிங். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம். இரண்டு வாரமாய்க் கோமதியிடம் தன் திட்டத்தை விற்கப் பார்க்கிறான். ஜெய்ராம் போன் செய்த இருபதாவது நிமிடம் கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தோடு வந்து நிற்கிறான்.

"அன்னைக்கு வந்தேன், மேடம். இல்லேங்கல," என்றான் ரமணன். "நான் யார் போனையும் தொடல. எனக்குப் பெங்காலி சுத்தமா வராது. பஸ் போர்டு படிக்கவே ஆள் தேடறேன்."

"கடை திருடு போச்சுன்னா உங்களுக்கு லாபம்தானே?"

"பல்லு வலிச்சா டாக்டருக்கு லாபம்தான். அதுக்காக டாக்டரா பல்லைக் குத்தினாரு?"

கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் இரண்டு லைட்பாய்கள் வந்து மசால் தோசை கேட்டார்கள். ஜெய்ராம் துண்டுச் சீட்டில் பெங்காலியில் கிறுக்கி அடுப்படிக் கம்பியில் மாட்டினான்.

"எண்ணெய்க் கை. வாயால சொல்லு," என்றார் மூக்கையா திரும்பாமலேயே.

"சீட்டைத் தொடவா சொன்னேன்? பார்க்கத்தானே சொன்னேன்? தெனமும் இதே கதை! ரெண்டு மசால், ஒண்ணு வெங்காயம் இல்லாம!"

தோசை ஊற்றும் சத்தம். கீதாஞ்சலி கோமதியிடம் திரும்பினாள்.

"அக்கா, ஒன்பது நாளா நீங்க பார்க்கவே இல்லையா?"

"என்னத்துக்குப் பார்க்காம? தெனமும் சாமி கும்பிட்டதும் போன்ல கடையைத்தான் பாப்பேன். முதல் பேரு என் கடைதான். நாலு புள்ளி ஆறு ஸ்டாரு. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு பேரு எழுதியிருக்கான். ஒண்ணும் கொறையலையே. இந்தா நீயே பாரு."

பார்த்தாள். முதல் பெயர் கோமதி டிபன். நட்சத்திரங்கள் மின்னின. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி.

"அந்த வரியைப் படிங்க."

கோமதி கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். உதடு அசைந்தது. நின்றது.

"பெஹாலா..."

"தன் கடையோட விலாசத்தை யாருக்கா படிப்பாங்க? பேரைப் பார்த்தீங்க, ஸ்டாரைப் பார்த்தீங்க, மூடி வெச்சிட்டீங்க. திருடன் எதையும் உடைக்கலை. உங்க பேரையும் ஸ்டாரையும் அப்படியே பெஹாலா லைனுக்குத் தள்ளிட்டான். டாலிகஞ்சுல நின்னு தேடறவன் கண்ணுக்கு நீங்க இல்ல. பெஹாலாவுல தேடறவன் கண்ணுக்கு அங்க முதல் கடையே நீங்கதான். நீங்க மட்டும் தெனமும் தேடறதால, எங்க தள்ளினாலும் உங்க போன் உங்களுக்கு முதல்ல காட்டும்."

ரமணன் தொண்டையைக் கனைத்தான். "கரெக்ட், மேடம். அதான் எங்க பேக்கேஜ்ல முதல் இடம் கேரண்டி..."

"போன வாரம் அக்கா போன்ல அக்கா கடை முதல்ல வர்றதைக் காட்டி, 'பாருங்க, டிரையல்லயே மேலே கொண்டாந்துட்டேன்'னு சொன்னது நீங்கதானே?"

ரமணன் காப்பியைக் குடித்தான். டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

மதியம் 12.15.

"எல்லாரும் போனை மேஜை மேல வைங்க," என்றாள் கீதாஞ்சலி.

ஐந்து போன்கள். எண்ணெய் படிந்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வரிசையாய்.

"ஒரே ஒரு வார்த்தை. இட்லி. அடிங்க, இல்லைன்னா வாயால சொல்லுங்க. என்ன வருதுன்னு பார்ப்போம்."

"இதுல என்ன இருக்கு? எல்லாத்துலயும் ஒண்ணுதானே வரும்?" என்றாள் கோமதி.

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கறோம்."

கோமதியின் போனில் முதலில் அவள் கடை. இரண்டாவது, சங்கரன்கோவில் கோயில் வாசலில் ஒரு ஓட்டல். ஊர் வீடியோவாய்ப் பார்த்துத் தள்ளுகிறவள் அவள். ரமணனின் போனில் முதலில் ஒரு பிரியாணிக் கடை வந்தது.

"இட்லிக்கா பிரியாணி?"

"கிளையண்ட், மேடம். நாள் முழுக்க அவங்க பேரைத்தான் தேடறேன். போன் வேற என்ன நினைக்கும்?"

கீதாஞ்சலியின் போன், சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் வாசலில் ஒரு தள்ளுவண்டியைக் காட்டியது. அடுத்த வரியில், ஓர் இட்லி எத்தனை கலோரி. கோமதி அந்த வரியைப் படித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெனமும் என் கடையிலேயே சாப்பிடுத மாதிரி பேசுவா!"

"புதன்கிழமை மட்டும்தான்க்கா வர்றேன்..."

மூக்கையா போனை வாய் அருகே கொண்டுபோய் "இட்லி!" என்று அதட்டினார். அது பயந்ததுபோல் சிணுங்கிவிட்டுப் பெங்காலியில் பட்டியல் போட்டது. பெஹாலாவில் சமையலறைகள். கிரைண்டர்கள்.

"பார்த்தீங்களா!" ஜெய்ராம் மேஜையைத் தட்டினான். "போனே சாட்சி சொல்லுது!"

"சொல்லுது," என்றாள் கீதாஞ்சலி. "இப்ப உன்னது."

ஜெய்ராம் அடித்தான். எல்லோரும் குனிந்தார்கள். அந்தப் பெங்காலி வரியைக் கீதாஞ்சலி தமிழில் உரக்கப் படித்தாள்.

"'இட்லி என்பது அரிசியும் உளுந்தும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் தென்னிந்திய உணவு.'"

அடுப்படியில் மூக்கையா முதல் தடவையாகச் சிரித்தார்.

கீழே பெரிய பெரிய ஓட்டல்களின் பெயர்கள். விளம்பரக்காரர்கள். இட்லி சுடுவது எப்படி என்று ஒரு வீடியோ. கோமதி டிபன் எங்கேயும் இல்லை.

"எட்டு வருஷமா இட்லி விக்கிறவன் போன், இட்லின்னா என்னன்னு உனக்கே பாடம் எடுக்குது," என்றாள் கீதாஞ்சலி. "தெனம் பத்து தடவை இந்தக் கடைப் பேரைத் தட்டறவன் நீ. ரெவ்யூவுக்குப் பதில் போடறவன் நீ. உன் போன்ல இந்தக் கடை முதல்ல நிக்கணும், அக்கா போனுக்கும் மேல. நிக்கலை. இது நேத்துப் பொறந்த குழந்தையோட போன்."

"சே! போன் ஸ்லோவா இருந்தது. ஹிஸ்டரியை அழிச்சேன். அது குத்தமா?"

"எப்ப?"

"நேத்து."

"குத்தமில்லையே," என்றாள் கீதாஞ்சலி. குரல் இறங்கி இனிப்பாய் இருந்தது. "இன்னிக்கு மேட்ச் இருக்குல்ல? என் போன்ல சார்ஜ் இல்ல. உன்னதுல ஸ்கோர் பார்த்துக்கறேன்."

அவன் கையை நீட்டுவதற்குள் அவள் விரல் ஒரு கிரிக்கெட் செய்திப் பக்கத்தைத் திறந்துவிட்டது. இரண்டு விக்கெட் போயிருந்தது. அவள் பக்கத்தைக் கீழே தள்ளினாள். ஒரு டயர் விளம்பரம் போனது. ஒரு வேட்டி விளம்பரம் போனது.

மூன்றாவது விளம்பரத்தில் நின்றாள். போனைத் திருப்பி மேஜை நடுவில் வைத்தாள்.

ஓர் அட்டைப் பெட்டியின் படம். சாப்பாடு கட்டித் தருகிற பெட்டி. அதன் மூடியில் சிவப்பு எழுத்தில் அச்சிட்ட பெயர்: கோமதி டிபன், பெஹாலா. கீழே ஒரு வரி: 'உங்கள் 500 பெட்டிகள் கூடையில் காத்திருக்கின்றன. மறந்துவிட்டீர்களா?'

கல்லில் எண்ணெய் மட்டும் பொரிந்தது.

முதலில் வாய் திறந்தவன் ரமணன். தொழில்காரன் அல்லவா, ஆசையை அடக்க முடியவில்லை. "சூப்பர்! இது... கூடையில ஒண்ணைப் போட்டுட்டு வாங்காமப் போனா, அந்தப் பிரிண்டிங் கம்பெனி ஆளை விடாது. எந்தப் பக்கம் திறந்தாலும் அவரே செஞ்ச டிசைனை அவருக்கே காட்டும். தேடினதை அழிச்சா தேடினதுதான் போகும், மேடம். இது போகாது. நாங்க அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கோம்."

"அழிக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியலை," என்றாள் கீதாஞ்சலி. "ஜெய்ராம், உன் போனும் கல்லா டேப்லெட்டும் மாட்டக்கூடாதுன்னு, மூக்கையாண்ணன் தூங்கும்போது அவர் போன்ல கடைக் கணக்கைத் திறந்து விலாசத்தை மாத்தினே. அவரைக் காட்டிக்குடுக்க மூணு வரியும் உனக்குத் தெரிஞ்ச பெங்காலியிலேயே அடிச்சு வெச்சே. அக்காவுக்குப் பெங்காலி படிக்க வராது. ரமணனுக்கு வராது. பெங்காலி படிக்கத் தெரிஞ்ச நான் புதன்கிழமை வருவேங்கறதை மறந்துட்டே."

ஜெய்ராம் ஓடவில்லை. நிமிர்ந்து நின்றான்.

"ஆமா, நான்தான். அதுக்கு என்ன? சித்தி, அந்த ஸ்டாரெல்லாம் யார் வாங்கினது? போட்டோ எடுத்தது நான். திட்டினவனுக்கெல்லாம் ராத்திரி உக்காந்து ஸாரி எழுதினது நான். ரெண்டாயிரம் பேர்கிட்ட கெஞ்சிக் கெஞ்சி எழுத வெச்சது நான்! கடை உன்னது. பேர் என்னால வந்தது. நான் சம்பாதிச்சதை நான் எடுத்துட்டுப் போறேன்!"

கோமதி கண்ணாடியைக் கழற்றினாள்.

"கேட்டிருந்தா பெஹாலாவுல நானே உனக்கு அடுப்பு மூட்டித் தந்திருப்பேன்டே," என்றாள். "எடுத்துட்டுப் போ. அந்த ஸ்டாரை ஊறப்போட்டு மாவாட்டிப் பாரு. பொங்குதான்னு பாரு."

அவன் மேஜையிலிருந்த தன் போனை எடுத்துக்கொண்டான்.

"போகுமுன்ன ஒரு காயிதம் எழுதிக் குடுத்துட்டுப் போ. உனக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுது, எனக்குக் கவலையில்லை. நீ செஞ்சதை எழுது. அஞ்சு மணிக்கு எனக்கு வேணும்."

மதியம் 1.05.

விலாசத்தைத் திருப்பிப் போடுவது இரண்டு நிமிட வேலை. கோமதியின் போனிலேயே கீதாஞ்சலி செய்து முடித்தாள். ஆனால் திரையில் வேறொரு வரி வந்து நின்றது. 'மாற்றம் பரிசீலனையில் உள்ளது. மூன்று நாள்கள் வரை ஆகலாம்.'

"மூணு நாளா?" ரமணன் காகிதத்தை மறுபடி நீட்டினான். "மேடம், நம்ம கம்பெனி மூலமாப் போனா நான் மேலே பேசி..."

"யாருகிட்ட பேசுவீங்க?" என்றாள் கோமதி.

"அது... மெயில் போடுவேன்."

"நீங்க போடுத மெயிலை நானே போட்டுக்கிடுதேன். காப்பிக்குக் காசு வேண்டாம். அந்த விளம்பரம் எப்படி வந்துச்சுன்னு சொல்லிக் குடுத்தீங்க. எந்திரிங்க."

ரமணன் எழுந்தான். போகிற போக்கில் இரண்டு இட்லி பார்சல் கேட்டான். வெட்கம் இல்லாமல் இல்லை, பசி.

கோமதி நந்திதாவுக்குப் போன் போட்டாள். முப்பது வருஷத்தில் அரைகுறையாய்ச் சேர்த்த இந்தியும் பெங்காலியும் கலந்து, யாரோடும் கெஞ்சிப் பழகாத குரலில் பேசினாள்.

"நந்திதா, என் கடை எங்க இருக்குன்னு மும்பைக்காரன் போன்ல பார்க்கட்டும். நீ என்னத்துக்குப் போன்ல பார்க்கணும்? ஸ்டூடியோ வாசல்லேர்ந்து நாலு நிமிஷம். போனைப் பையில போட்டுட்டு நடந்து வா. வழி தெரியலைன்னா சாம்பார் வாசனையைப் பிடிச்சு வா. பெஹாலாவுலேர்ந்து வாசனை வந்தா, நீ வேற ஆளைப் பார்த்துக்கோ."

சாயங்காலம் 4.35.

நந்திதா வந்தாள். நடந்துதான் வந்தாள். ஜெய்ராம் பெங்காலியில் எழுதிவைத்துப் போயிருந்த ஒரு பக்கத்தை வாங்கிப் படித்தாள். புருவம் நெறிந்தது. கடை வாசலுக்குப் போய், போர்டைப் படம் எடுத்தாள். போனை மூடாமலே ஸ்டூடியோ வாசல்வரை திரும்ப நடந்து, வழி முழுக்க வீடியோவாய்ப் பிடித்து, அந்தக் கடிதத்தோடு சேர்த்து மும்பைக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கே திரும்பி வந்தாள்.

4.50. பதில் இல்லை. கோமதி பெஞ்சைத் துடைத்தாள். துடைத்த பெஞ்சையே மறுபடி துடைத்தாள்.

4.55. நந்திதாவின் போன் சிணுங்கியது. அவள் படித்தாள். தலையை ஆட்டினாள்.

"திங்கட்கிழமைலேர்ந்து, தீதி. நூத்தி அறுபது பேர். முதல் நாள் பொங்கல் வேணும்னு எழுதியிருக்காங்க."

கோமதி "ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். பிறகு பெஞ்சின் அடியில் குனிந்து, பச்சை டிரங்குப் பெட்டியை இழுத்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அது எப்போதும் இருக்கும் இடத்தில், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாயங்காலம் 5.10.

நந்திதா போன பிறகு கோமதி கீதாஞ்சலியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கேன். காலையில அண்ணன் போனைப் பார்த்ததும் உன் மூஞ்சியே மாறிட்டு. கவுத்து வெச்சுட்டே. அந்த நிமிஷமே உனக்குத் தெரிஞ்சிட்டு, அவரு இல்லன்னு. அந்த அட்டைப் பெட்டி வந்தது அதுக்கப்புறம்தானே? போன்ல என்ன பார்த்தே?"

கீதாஞ்சலி டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றினாள். "அதான் திருடனைப் பிடிச்சாச்சே, அக்கா."

"பேச்சை மாத்தாத."

"அது நான் சொல்ற விஷயம் இல்ல."

அடுப்படியில் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. மூக்கையா கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். விரல் விரலாய்த் துடைத்தார். இப்போது எண்ணெய் இல்லை. கம்பியில் காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஜெய்ராமின் துண்டுச் சீட்டை உருவி எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"அது கௌரவமான பிள்ளை, சொல்லாது. நான் சொல்றேன்," என்றார். "அந்தப் போன்ல நாலு வருசமா நான் கேட்டது பூராம் வாயால கேட்டது. பாட்டு, ஊர்ல மழை, மாட்டுச் சந்தை, எல்லாம். கையால அடிச்சது அந்த மூணே மூணு வரி. அதைத்தான் இந்தப் பிள்ளை பாத்துச்சு. தேங்காய்ப் படத்தையும் சிலிண்டர் படத்தையும் பாத்துச்சு. அப்புறம் என்னையப் பாத்துச்சு."

"அப்போ காலையிலேயே சொல்ல வேண்டியதுதானே, அண்ணே?" கோமதியின் குரல் உடைந்தது. "தெருவே பாக்க உங்களைத் திருடன்னேன். பெட்டியைத் தூக்குனேன். வாயைத் தொறக்காம நின்னீங்களே!"

"திருடங்கிறது பொய், தங்கச்சி. பொய்யை நெஞ்சை நிமித்திக்கிட்டு எத்தனை நாள் வேணுமின்டாலும் தாங்கலாம். இது நெசம்."

அவர் அந்தச் சீட்டை மேஜையில் வைத்தார். தலைகீழாக வைத்தார். அது தலைகீழாக இருப்பது அவருக்குத் தெரியவில்லை. தெருவுக்கும் கேட்கும்படி, காலையில் நின்ற அதே நிமிர்வோடு சொன்னார்:

"எனக்கு எழுத்துத் தெரியாது. பெங்காலி மட்டும் இல்லை, தமிழும்தான்."